அவசர அழைப்பு எடுக்க ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி: குமரி மாவட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

"பிள்ளை வெள்ளத்துல விழுந்துட்டு, சீக்கிரம் வண்டி அனுப்புங்க!"

போனில் இப்படி ஒரு குரல் கேட்டால் மதுரைக்காரருக்கு ஆற்றில் வெள்ளம் பாய்வதுதான் நினைவுக்கு வரும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆளுக்கு வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். குளமாக இருக்கலாம், கிணறாக இருக்கலாம், கல்குவாரிக் குழியாகவும் இருக்கலாம். கிணறு என்றால் ஆம்புலன்ஸ் மட்டும் போனால் பயனில்லை, கயிற்றோடு தீயணைப்பு வண்டியும் போக வேண்டும். இதைப் புரிந்துகொண்டு உடனே "கிணறா, குளமா?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர்தான் அந்த நாற்காலிக்கு ஏற்ற ஆள்.

நான் இந்த மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் மேசையில் போன் அழைப்புகளை எடுத்தேன். பிறகு அதே மேசைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் வந்தது. மருத்துவமனை, அறக்கட்டளை ஆம்புலன்ஸ், மீனவர் சங்கம், பங்குப் பேரவை என்று 24 மணி நேரமும் ஒரு போனை வைத்துக்கொண்டு உட்காரும் எல்லோருக்கும், அந்த வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். போலீஸ் வெரிஃபிகேஷன் யாரை எடுக்கக் கூடாது என்று மட்டும்தான் சொல்லும். யாரை எடுப்பது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள்.

எந்த எண்ணுக்கு யார் ஆள் எடுக்கிறார்கள்

108-ஐத் தமிழ்நாட்டில் அரசுடன் ஒப்பந்தம் போட்டு நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. கிரீன் ஹெல்த் சர்வீசஸ். 2008 செப்டம்பரில் இங்கே தொடங்கிய சேவை இது. நீங்கள் அருமனையில் இருந்து கூப்பிட்டாலும் போன் இந்த மாவட்டத்தில் அடிக்காது. மாவட்டங்களில் அவர்கள் நடத்தும் முகாம்களில் பெரும்பாலும் எடுப்பது வண்டி ஓட்டுநரையும் மருத்துவ உதவியாளரையும்தான். அழைப்பு எடுக்கும் வேலை வேண்டுமென்றால் மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தயாராக இருக்க வேண்டும். எதற்கும் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

100, 112 இரண்டும் காவல்துறையிடம் இருக்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் காவலர்களே உட்காருவதால், அதற்கான வழி தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு. 80-க்கு 32 எடுத்தால்தான் அடுத்த விடைத்தாளையே திருத்துவார்கள். பிறகு எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, சிறப்பு மதிப்பெண் 6. தீயணைப்பாளர் பணிக்கும் அதே தேர்வாணையம்தான். 1077 ஆட்சியர் அலுவலகப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண். 112-க்கான மென்பொருளைச் செய்தது நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

இவை தவிர மீதி இருக்கும் தனியார் மேசைகளில், ஆள் எடுப்பதற்கென்று யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

படி 1: விளம்பரத்துக்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

"டெலிபோன் ஆபரேட்டர் தேவை" என்று போட்டால் டெலிபோன் ஆபரேட்டர்தான் வருவார். இந்த மேசையில் உட்காருபவர் கேட்க வேண்டும், தட்டச்சு செய்ய வேண்டும், வண்டியை அனுப்ப வேண்டும், வண்டி போய்ச் சேரும்வரை அழுகிறவரைப் பேச்சில் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். இதை அப்படியே எழுதுங்கள். இரவு ஷிஃப்ட் உண்டு, திருவிழா நாளில் விடுப்பு கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழா அன்றும், சவேரியார் கோயில் தேரன்றும் போன் அதிகமாக அடிக்கும். சிவராத்திரியன்று சிவாலய ஓட்டம். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயிலுக்கு ஓடுவார்கள். அன்று ராத்திரி முழுக்க ஏதாவது ஒரு முக்கில் யாராவது விழுந்திருப்பார்கள்.

தகுதி என்று நான் கேட்பது பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் தட்டச்சு, பேசினால் புரியும் அளவுக்கு மலையாளம். களியக்காவிளை எல்லையில் இருந்து வரும் அழைப்புகளில் பாதிப் பேச்சு மலையாளம்தான். எந்த மாநிலத்து டவர் போனைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போய்விடுவதும் அங்கே உண்டு. அப்படி இடம் மாறி வந்த அழைப்பை "இது எங்க ஏரியா இல்லை" என்று வைத்துவிடும் ஆளை எடுத்துவிடாதீர்கள்.

பட்டம் கட்டாயம் என்று போடாதீர்கள். எங்கள் மேசையில் உட்கார்ந்த மிகச் சிறந்த ஆள் பத்து வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மாவட்டத்தில் எந்த ஸ்டாப்புக்கு அடுத்து எந்த ஸ்டாப் என்பது அவருக்கு மனப்பாடம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இந்த வேலையை நன்றாகவே செய்வார்கள். அறைக்கு ஒரு சரிவுப் பாதை போட்டால் போதும்.

படி 2: காதுத் தேர்வு

முதலில் இதை வைத்து, அப்புறம் தாள்களைப் பார்க்க வேண்டும். தேறாத ஆளுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரை செலவு செய்வது வீண். அவருடைய சொந்த விவரங்களை நாம் வாங்கி வைப்பதும் தேவையில்லாத வேலை.

உண்மையான அழைப்பின் பதிவை ஒருபோதும் தேர்வுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது யாரோ ஒருவருடைய வீட்டுத் துக்கம். ஊர்ப்பேச்சு தெரிந்த யாரையாவது நடிக்க வைத்து ஐந்தாறு பதிவு செய்துகொள்ளுங்கள், ஒன்றொன்றும் ஒன்றரை நிமிடம். நான் வைத்திருந்த ஒன்று இப்படிப் போகும்:

"சாரே, எங்க அப்பா பனையில இருந்து விழுந்துட்டாவ. போதமில்ல. நாடியில இருந்து ரத்தம் வருது."

"எந்த ஊரு?"

"இஞ்சதான், குருசடி பக்கம். வெரசா வாருங்க."

இதில் மூன்று இடத்தில் ஆள் சறுக்கலாம். போதமில்லை என்றால் நினைவில்லை. குடித்திருக்கிறார் என்று எழுதியவர்களும் உண்டு. நாடி என்றால் இங்கே முகவாய்க்கட்டை. நாடித்துடிப்பு என்று புரிந்துகொண்டால் வண்டிக்குத் தவறான தகவல் போகும். மூன்றாவது, குருசடி, அதாவது சிலுவை வைத்த சிறு வழிபாட்டு இடம். இந்த மாவட்டத்தில் குருசடி இல்லாத முக்கு ஏது? அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கலும் இசக்கியம்மன் கோயிலும் அப்படித்தான். 'விளை' என்று முடியும் ஊர்களை எண்ணி மாளாது. மணக்குடி என்று மட்டும் சொன்னால் கீழமணக்குடியா, மேலமணக்குடியா? நடுவே பழையாறு கடலில் சேருகிறது. தவறான கரைக்குப் போன வண்டி பாலம் ஏறித் திரும்பி வர வேண்டும். நல்ல ஆள் உடனே "பஸ்ஸில் வந்தா எங்க இறங்கணும்?" என்று கேட்பார். ரப்பர் தோட்டத்துக்குள் என்றால், "ரோட்டு முனையில டார்ச்சோட ஒருத்தரை நிறுத்துங்க" என்று சொல்வார். விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போனவரைப் பாம்பு கடித்து வரும் அழைப்புகளில் பாதி நேரம் இந்த ரோட்டு முனையைத் தேடுவதில்தான் போகிறது.

மதிப்பெண்ணை நான் இடத்துக்கு 40, திருப்பி அழைக்கும் எண்ணுக்கு 20, என்ன நடந்தது என்பதற்கு 20, பேசிய விதத்துக்கு 20 என்று பிரிப்பேன். இடத்துக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். பாதியில் சிக்னல் போய்விட்டால் இடம் தெரிந்த வண்டி போய்ச் சேரும், நோய் தெரிந்த வண்டி எங்கே போகும்?

எடுத்த எடுப்பில் "உங்க பேர் என்ன?" என்று கேட்பவருக்கு மதிப்பெண் குறையும். சாலை விபத்தில் உதவ வந்தவரைப் பெயர், முகவரி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதியே சொல்கிறது. பெயர் கேட்டால் போனை வைத்துவிட்டுப் போகிற ஊர் இது.

கடற்கரைப் பக்கம் மேசை வைத்திருப்பவர்கள் கடல் அழைப்பு ஒன்றையும் சேர்க்க வேண்டும். வள்ளமா, விசைப்படகா, எத்தனை பேர், எத்தனை பாகம் (கடல் ஆழத்தை அளக்கும் கணக்கு) ஆழம், ஜி.பி.எஸ். எண் என்ன என்று அடுத்தடுத்துக் கேட்கத் தெரிய வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்க வேண்டும், மனதிலும் இருக்க வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் வந்த நாள். அதன் பிறகு எத்தனை நாள் கரையில் இருந்தவர்கள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. ஒரு செல்போன் எண்ணை "இரட்டை ஏழு, மூணு ஒன்பது" என்ற கணக்கில் வேகமாகச் சொல்லுங்கள். எழுதிய பிறகு தானாகவே திருப்பி வாசித்துச் சரிபார்க்கிறாரா என்று பாருங்கள். வாசிக்காதவர் வேலையிலும் வாசிக்க மாட்டார்.

படி 3: தாள்கள்

காதுத் தேர்வில் தேறியவரிடம் முதலில் ஒரு சம்மதக் கடிதம் வாங்குங்கள். எந்தெந்த விவரத்தைச் சரிபார்க்கப் போகிறோம், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்கான விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்ததே போதும்.

கல்விச் சான்றிதழை டிஜிலாக்கரில் திறந்து காட்டச் சொல்லலாம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வழங்கிய துறையே அனுப்பிய ஆவணங்கள் ஒரு பக்கமும், நாமே ஸ்கேன் செய்து ஏற்றியவை இன்னொரு பக்கமும் இருக்கும். இரண்டாவதில் இருப்பது வெறும் ஜெராக்ஸ் மாதிரிதான்.

அப்புறம் பழைய வேலை. பி.எஃப். கணக்கு இருந்தால் அதில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி வரை இருந்தார் என்பது வரும். அவரே லாகின் செய்து காட்டட்டும், கடவுச்சொல்லை நீங்கள் வாங்காதீர்கள். பிறகு பழைய முதலாளிக்குப் போன் போடுங்கள். "நல்ல பையனா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நாளைக்குத் திரும்பி வந்தால் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்தப் பக்கம் இழுத்தால் என்ன விஷயம் என்று விசாரியுங்கள்.

நான் இந்தப் போனைப் போடாமல் ஒருவரை எடுத்து மாட்டிக்கொண்டேன். மேலே இருந்து வந்த சிபாரிசு, இனிமையான குரல், காதுத் தேர்வில் முதலிடம். மூன்று மாதத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நெடுஞ்சாலை விபத்துகளுக்கு எங்கள் வண்டி போவதற்குள் வேறொரு ஆம்புலன்ஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஒரு தடவை என்றால் தற்செயல், நாலு தடவையா? அவருடைய ஷிஃப்ட் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. சட்டைப் பையில் இரண்டாவது போன், அழைப்பு வந்த உடனே ஒரு வாட்ஸ்அப், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். முன்பு வேலை பார்த்த இடத்திலும் இதே காரணத்துக்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவர் பேரில் வழக்கு எதுவும் இல்லாததால் போலீஸ் வெரிஃபிகேஷனில் சுத்தமாக வந்திருந்தார்.

அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: உங்களுக்கோ, குடும்பத்தில் யாருக்குமோ ஆம்புலன்ஸ், ஸ்கேன் சென்டர், மருந்துக் கடை, வக்கீல் அலுவலகம், காப்பீட்டு ஏஜென்சி இருக்கிறதா? இருந்தால் தவறில்லை, சொல்லாமல் மறைத்தால்தான் தவறு. மேசை அறைக்குள் சொந்தப் போனும் கிடையாது.

படி 4: போலீஸ் சரிபார்ப்பு

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காவல் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. தனிநபரும் விண்ணப்பிக்கலாம், ஆள் எடுக்கும் நிறுவனமும் விண்ணப்பிக்கலாம். கட்டணத்தை ஆன்லைனிலேயே கட்டிவிடலாம். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்று வெளிநாட்டு வேலைக்கானது. வளைகுடா போக எடுத்து வைத்த அந்தத் தாளை இங்கே கொண்டுவந்து நீட்டுவார்கள். அது பழையதாகவும் இருக்கும், இந்த வேலைக்குப் பொருந்தவும் செய்யாது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு ஓட்டை இதில் உண்டு. பாதிப் பிள்ளைகள் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ சில வருடம் வேலை பார்த்தவர்கள். தமிழ்நாட்டுச் சான்று கேரளத்தில் நடந்ததைக் காட்டும் என்று நம்பக் கூடாது. அங்கே இருந்தவர் என்றால் கேரளக் காவல்துறையின் துணா தளத்தில் குற்றத்தில் ஈடுபடவில்லை என்ற சான்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டும் தேடலாம். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி நீதிமன்றங்கள் எல்லாமே பார்க்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சேவியர் என்றோ ஐயப்பன் என்றோ தேடினால் பக்கம் பக்கமாக வரும். அப்பா பெயரும் ஊரும் பொருந்தாமல் எதையும் இவருடையது என்று முடிவு கட்டாதீர்கள். வந்தாலும் அவரைக் கூப்பிட்டு நேரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 5: வழக்கு இருந்தால் என்ன செய்வது

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். வழக்கு என்ற சொல்லைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். இது போராட்டங்கள் நடக்கும் மாவட்டம். ஒக்கிக்குப் பிறகு குழித்துறையில் ரயில் மறியல் நடந்தது. கடற்கரை ஊர்களில் அப்படி ஏதாவது ஒரு போராட்டத்தில் உட்காராத வீடு குறைவு. மறியல் வழக்கில் பெயர் வந்த ஒருவரை, அழைப்பை ரகசியமாக வைத்திருக்க மாட்டார் என்று சொல்ல முடியுமா?

அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னது இந்த இடத்தில் உதவும். சரிபார்ப்புப் படிவத்தில் கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். மறைத்தால் வேலையை ரத்து செய்ய இடமுண்டு. ஆனால் இளம் வயதில் கோஷம் போட்டது மாதிரியான சின்ன விஷயத்தை மறைத்திருந்தால் அதை வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். படிவத்தில் குறிப்பாகக் கேட்டதை மட்டும்தான் சொல்லக் கடமை உண்டு என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அது அரசு வேலைக்கான தீர்ப்பு என்றாலும் நமக்கும் நல்ல அளவுகோல். எனவே "கெட்ட நடத்தை உண்டா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். உண்டா, குற்றப்பத்திரிகை உண்டா, தண்டனை உண்டா, நிலுவை உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 18 வயதுக்கு முன் நடந்ததைக் கேட்க வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பெரும்பாலான வழக்குகளில் அதை ஒரு தகுதியின்மையாக ஆக்கக் கூடாது என்கிறது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றம், மோசடி, பணம் பறிப்பு, வாடிக்கையாளர் விவரத்தை விற்றது ஆகியவற்றில் தண்டனை இருந்தால் நான் எடுக்க மாட்டேன். தனியாக இருக்கும் பெண் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டு வழி சொல்லும் இடம் இது. மற்றவற்றில் எப்போது நடந்தது, மறைத்தாரா, அதன் பிறகு எப்படி இருந்தார் என்று பார்ப்பேன்.

காவல்துறை வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கே வேறு. சந்தேகத்தின் பலனால் விடுதலையானால் அது முழு விடுதலை ஆகாது என்று அவர்களுடைய பணி விதி வைத்திருக்கிறது. ஆகவே எந்தச் சின்ன வழக்கையும் மறைக்காமல், தீர்ப்பு நகலோடு போங்கள்.

அமெரிக்காவில் எப்படி என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே அவசர எண்ணான 911-க்கு முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில்லில் போனது. கலிஃபோர்னியாவில் இந்த வேலைக்குப் பின்னணி விசாரணையும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். நினைவாற்றல், தர்க்கம், வாசிப்பு எல்லாவற்றுக்கும் தேர்வு உண்டு. வேலையில் சேர்ந்த ஒரு வருடத்துக்குள் குறைந்தது 120 மணி நேர அடிப்படைப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் விசாரணை, தேர்வு, பயிற்சி என்ற மூன்றில் ஒன்றைக்கூட அவர்கள் விடுவதில்லை.

படி 6: உடம்பும் மனசும்

கேட்கும் திறனை ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். இரவு வேலை ஒத்துவருமா என்று ஒரு வாரம் உட்கார வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பெண்களுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் எழுத்தில் சம்மதமும் வீட்டு வாசல்வரை வண்டியும் வேண்டும். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள்குழுவும் சட்டப்படி கட்டாயம்.

மனசைச் சோதிக்க நான் பெரிய தேர்வு எதுவும் வைப்பதில்லை. நேர்முகத்தில், "நீங்கள் தவறு செய்து ஒருவருக்கு நஷ்டம் வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்பேன். அப்படி எதுவும் இல்லை என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

படி 7: முதல் ஆறு மாதம்

முதல் மாதம் இரண்டாவது ஹெட்போன் மாட்டிக் கேட்க மட்டும் செய்ய வேண்டும். அடுத்த மாதம் அவர் எடுக்க, மூத்தவர் கேட்க வேண்டும். தனியாக உட்கார வைப்பது அதன் பிறகுதான். வண்டியிலும் நாலு நாள் அனுப்புங்கள். ஆரல்வாய்மொழியிலிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கும் ஆசாரிப்பள்ளம் வர எவ்வளவு நேரமாகும், பேச்சிப்பாறையிலிருந்து வர எவ்வளவு ஆகும் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எது தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைக்குப் போகலாம், எது நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யக் கூடாது. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சேரும் நாளில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். அதைப் பயமுறுத்தலாக இல்லாமல் விளக்கமாகச் சொல்லுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. ஒப்பந்தத்தை மீறி, கேடு நேரும் என்று தெரிந்தே சொந்த விவரங்களைக் கொடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை. குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் அழைப்பில் தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். போக்சோவில் அது எல்லோருக்கும் கடமை. ரகசியம் காப்பதும் புகார் சொல்வதும் முரண்படுகிறதே என்று புதியவர்கள் குழம்புவார்கள். காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், டீக்கடையில் சொல்லக் கூடாது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கமிஷன் கேள்வியையும் வழக்குக் கேள்வியையும் மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். மாதம் ஐந்து பதிவுகளை ஏதோ ஒரு நாளிலிருந்து எடுத்துக் கேளுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அவர் சாவியைக் கொடுக்கும் அதே மணியில் மூடிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தேறாதவர்களின் விண்ணப்பங்களை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். எங்கள் அலுவலகத்தில் பழைய விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் டீக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு பெண்ணின் புகைப்படமும் வீட்டு முகவரியும் செல்போன் எண்ணும் இருந்தன. அன்று மாலையே எல்லாவற்றையும் கிழித்துப் போட்டோம்.